எதிர்காற்றை மிச்சம் வைப்பவர்கள்

குளிர்நாட்டு ஓட்டக்காரர்களுக்குக் காற்று நாளில் ஒரு பாடம் உண்டு: போகும்போது எதிர்காற்றில் போ, வரும்போது அது முதுகைத் தள்ளட்டும். வியர்வையில் நனைந்த உடம்பில் எதிர்காற்று பட்டால் அங்கே நடுக்கம் எடுத்துவிடும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் இதைத் தலைகீழாகப் போட வேண்டும். அது தெரிந்து ஓடுகிறவர்களைப் பார்ப்பதே எனக்கு ஒரு சுகம்.

மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடுகிறோம், பின்காற்றும் அதே வேகம் என்றால் உடம்பில் காற்றே படாது. கொச்சியின் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழியும், சூடு உள்ளேயே தங்கும். அதே காற்று எதிரே வந்தால் 20 கிலோமீட்டர் வேகத்தில் மேலே விழும். காற்றில்லாத நாளைவிடத் தடை நான்கு மடங்கு. கால் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஊரில் ஆளை உட்கார வைப்பது சூடுதான்.

டிசம்பர், ஜனவரி விடியலில் நிலக்காற்று கிழக்கிலிருந்து கடலுக்குப் போகும். டச்சு அரண்மனைப் பக்கமிருந்து பஜார் ரோட்டில் வடக்கே ஓடிப் பாருங்கள். இஞ்சியும் மிளகும் மணக்கும் பழைய கிடங்குகளின் சுவர் காற்றை அப்படியே மறைத்துவிடும். காயலுக்கு இறங்கும் சந்து வரும்போது மட்டும் வலது விலாவில் சில்லென்று ஒரு வீச்சு. அடுத்த சுவர் வந்ததும் மறுபடி புழுக்கம். தேர்ந்தவர்கள் அந்தச் சந்துகளில் வேகத்தைக் கூட்ட மாட்டார்கள், மூச்சை வாங்கிக்கொள்வார்கள். கல்வத்தி தாண்டி மேற்கே திரும்பினால் காற்று முதுகுக்கு வந்துவிடும். சீனவலைகளைக் கடந்து கடற்கரை வரை போய்த் திரும்பும்போது, உடம்பு கொதிக்கிற அந்த நேரத்துக்குச் சரியாக, முகத்தில் காற்று. கூடவே எதிர்வெயிலும் வரும். நெற்றிக்கு விளிம்பு வைத்த தொப்பி, கொஞ்சம் இறுக்கமானது, அவசியம்.

தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து. அப்போது தோப்பும்படியில் பாலமேறிக் கிழக்கே வில்லிங்டன் தீவுக்குப் போய்த் திரும்புவதே முறை.

ஒருவர் பின்னால் ஒரு மீட்டர் இடைவெளியில் ஓடினால் காற்றுத் தடையில் ஏறக்குறைய 80 சதவீதம் குறையும் என்று 1971-ல் அளந்து காட்டினார் கிரிஃபித் பியூ. 1953 எவரெஸ்ட் குழுவுக்கு உடலியல் வல்லுநராக இருந்தவர். பந்தயத்தில் அது பெரிய லாபம். இங்கே நண்பர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தால் குளிர்ச்சியும் போய்விடும். அரை ஆள் அகலம் விலகி ஓடுவது உத்தமம்.

மண் தடம் வேண்டுமென்றால் தெற்கே கும்பளங்கி. பொக்காளி நெல்வயல்களின் களிமண் வரம்புகள் குறுகலானவை. அறுவடை முடிந்து இறால் வளர்க்கும் மாதங்களில் இருபுறமும் வெறும் தண்ணீர், ஒதுங்க ஒரு கதிர்கூட இருக்காது. பிற்பகல் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். தொளதொளத்த பனியன் பாய்மரம்போல் புடைத்து ஆளை இழுக்கும். உடம்போடு ஒட்டியதே நல்லது. அங்கே எட்டைக் குறைத்து, பாதங்களைச் சற்று அகல வைத்து, இடுப்பை வளைக்காமல் கணுக்காலிலிருந்து முழு உடம்பையும் காற்றின் பக்கம் லேசாகச் சாய்த்து ஓட வேண்டும். காற்று சட்டென்று நின்றாலும் கால் வரம்பை விட்டு இறங்காத அளவுக்குத்தான் அந்தச் சாய்வு.