நியூசிலாந்துத் தமிழ் மணி: சான்றும் பெருமிதமும்

தமிழக முஸ்லிம்களின் கடலோடி மரபைப் பற்றிப் பேசும் விழா மலர்களிலும் மேடைகளிலும் ஒரு வெண்கல மணி அடிக்கடி எடுத்தாளப்படுவதைக் காண்கிறோம். நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில், டெ பாப்பா தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் உள்ள 'தமிழ் மணி'யே அது. கேப்டன் ஜேம்ஸ் குக் 1769இல் அத்தீவுகளில் கால்வைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே நம் மரக்காயர்கள் அங்குச் சென்றடைந்துவிட்டனர் என்பதற்கு இம்மணியே போதிய ஆதாரம் என்று கூறி முடித்துவிடுகின்றனர். கேட்பதற்கு இனிமையான முடிவுதான். ஆயினும், அம்முடிவைத் தாங்கும் வலிமை அந்த ஆதாரத்திற்கு உண்டா என்பதை ஆராய்வது கற்றோர் கடமையாகும்.

முதலில் மணியின் செய்தியைக் காண்போம். கிறித்தவ மிஷன் ஒன்றின் அச்சுப் பணிக்காக நியூசிலாந்து சென்ற வில்லியம் கொலென்சோ என்பவர், 1836ஆம் ஆண்டளவில் வடக்குத் தீவின் வாங்காரே பகுதியில், மவோரிப் பெண்கள் இதனைக் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தக் கண்டார். இரும்புச் சட்டியொன்றைக் கொடுத்து இதனைப் பெற்றுக்கொண்டார். புயலில் சாய்ந்த பெருமரம் ஒன்றின் வேரடியிலிருந்து இது வெளிப்பட்டதாகவும், பல தலைமுறைகளாகத் தங்களிடம் இருந்து வருவதாகவும் அம்மக்கள் அவரிடம் கூறினர். மணியின் விளிம்புப் பகுதி உடைந்து போயிருக்கிறது. எஞ்சிய பகுதியைச் சுற்றி 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்ற பொருளுடைய தமிழ் எழுத்துகள் ஓடுகின்றன.

இப்பெயரைச் சற்று நுணுகிப் பார்ப்போம். 'முஹ்யித்தீன்' என்பது ஹிஜ்ரி 561இல் (கி.பி. 1166) மறைந்த ஷைகு அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர். 'பக்ஷ்' என்பது கொடை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். இரண்டையும் தமிழ்க் காது எவ்வாறு கேட்டதோ அவ்வாறே அச்சில் வார்த்திருக்கிறார் அந்தக் கன்னார். எனவே மணி தமிழ்நிலத்தார் வார்த்தது, முஸ்லிம் கப்பலொன்றுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் முஹ்யித்தீன் பக்ஷ் என்பது கப்பலுக்கு உரியவரின் பெயரா, கப்பலின் பெயரேயா என்பது உறுதியாகவில்லை. இறைநேசர்களின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டுவது நம் கடற்கரையில் வழக்கமாக இருந்தது.

காலத்தைப் பொறுத்தவரை கருத்து வேறுபாடு பெரிது. சில எழுத்துகளின் பழைய வடிவைக் கொண்டு 15ஆம் நூற்றாண்டு என்பார் சிலர். 17 அல்லது 18ஆம் நூற்றாண்டு என்பார் வேறு சிலர். 'பக்ஷ்' என்னும் பாரசீக ஈறு பின்னைய கருத்துக்கே ஓரளவு துணை நிற்கிறது என்பது நமது எண்ணம். தமிழகத்தில் பாரசீகச் சொற்கள் பெருகியது தக்காணத்து அரசுகளின் படைகள் தெற்கே இறங்கிய பிறகுதான். நமது ஆரணிக்கு 'ஜாகீர்' என்ற சொல் வாய்த்ததும் 17ஆம் நூற்றாண்டில் பிஜாப்பூர்ப் படையெடுப்பை ஒட்டித்தான். இஃது ஒரு குறிப்பே அன்றி முடிவன்று. கடல்வழி வந்த சொல் தரைவழி வந்த சொல்லை முந்தியிருக்கவும் கூடும்.

இனி ஆதாரத்தின் தரத்திற்கு வருவோம். ஹதீஸ் கலை பயின்றவர்க்கு மத்ன் வேறு, ஸனத் வேறு என்பது பாலபாடம். செய்தியின் வாசகம் பழுதற்றதாக இருக்கலாம். அது நம்மை வந்தடைந்த தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அதனை 'முன்கதிஃ' என்றே வகைப்படுத்துவர். மணியின் மத்ன் உண்மையானது. அது போலியன்று. அதன் ஸனதோ கொலென்சோவிடமிருந்து பெயர் அறியப்படாத மவோரி மக்களிடம் சென்று, அங்கிருந்து ஒரு மரத்தின் வேரடியில் நின்றுவிடுகிறது. வேரடிக்கும் கப்பலின் மேல்தளத்திற்கும் இடையே ஒருவருமில்லை. கப்பலையோ, அதில் வந்த மனிதரையோ தம் முன்னோர் கண்டதாக அம்மக்கள் கொலென்சோவிடம் கூறியதாகத் தெரியவில்லை. அவர்கள் கூறாததை அவர்கள் பெயரால் நாம் கூறலாகாது.

மேலும், மணி சென்ற இடமெல்லாம் மணிக்குரியவர் சென்றார் எனக் கொள்வதற்கில்லை. கப்பல் அழிந்த பின்னும் வெண்கலம் அழிவதில்லை. அது விற்கப்படும், பறிக்கப்படும், வேறொரு கப்பலில் தொங்கும். இந்தியக் கப்பல்கள் பல ஐரோப்பியரால் கைப்பற்றப்பட்ட காலம் அது. போர்ச்சுக்கீசியர் கொண்டு சேர்த்தனர் என்று கருதுவோரும், கைவிடப்பட்ட கப்பலொன்று கடலோட்டத்தில் மிதந்து கரை ஒதுங்கியது என்று கருதுவோரும் இருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் இடங்கொடுக்கும் சான்று எவருக்கும் உறுதி தருவதாகாது.

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. வட ஐரோப்பாவின் நார்ஸ் மக்கள் கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்கக் கண்டத்தை அடைந்தனர் என்று ஐஸ்லாந்தின் பழங்கதைகள் கூறிவந்தன. அதனை நிறுவும் ஆவலில் அவர்தம் வழித்தோன்றல்கள் பற்றிய சான்றுகளைப் பாருங்கள். 1898இல் மின்னசோட்டாவில் ஸ்வீடியக் குடியேறி ஒருவரின் நிலத்தில் 1362 என ஆண்டு பொறித்த ரூன் எழுத்துக் கல்லொன்று கிடைத்தது. மொழியறிஞர் பெரும்பாலோர் அதனை 19ஆம் நூற்றாண்டின் போலியென ஒதுக்கினர். 1965இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'வின்லாந்து வரைபட'த்தின் மையில், 20ஆம் நூற்றாண்டில் புழக்கத்திற்கு வந்த டைட்டானியச் சேர்மம் இருப்பதைக் கண்டு, அதே பல்கலைக்கழகம் 2021இல் அது போலியென அறிவித்தது.

உண்மையான விடை வேறோரிடத்தில் கிடைத்தது. நார்வே நாட்டு ஹெல்கே இங்ஸ்டாட் 1960இல் நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸ் என்னுமிடத்தைக் கண்டறிந்தார். அவர் மனைவி ஆன் ஸ்டீன் அங்கு அகழாய்வை நடத்தினார். புற்கரண் வீடுகளின் அடித்தளங்கள், இரும்பு உருக்கிய தடயம், வெண்கல ஊசி, நூல் நூற்கும் தக்களியின் வட்டு ஆகியன வெளிப்பட்டன. அங்கு உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரங்கள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்பது 2021இல் மர வளையங்களைக் கொண்டு உறுதியாயிற்று. பெருமை பேசும் கல்லும் வரைபடமும் தோற்றன. யாரும் பார்ப்பதற்கென்று விட்டுச் செல்லாத தக்களி வட்டு நிலைத்தது.

நம்மவரை மகிழ்வித்த இன்னொரு செய்தியும் நார்ஸ் மக்களைச் சார்ந்ததே. ஸ்வீடனின் வைக்கிங் காலப் புதைகுழிகளில் கிடைத்த பட்டுப் பட்டையில் 'அல்லாஹ்' என நெய்யப்பட்டிருப்பதாக 2017இல் உப்சாலாவிலிருந்து அறிவிப்பு வந்தது. உலகெங்கும் முஸ்லிம்கள் அதனைப் பரப்பினர். இஸ்லாமியக் கலை வரலாற்றறிஞர் ஸ்டெஃபனி மல்டர் அதனை மறுத்தார். சொல்லப்பட்ட சதுரக் கூஃபி எழுத்துமுறை பல நூற்றாண்டுகள் பிந்தியது. மேலும், இருக்கும் துணியின் அகலத்தைத் தாண்டி ஓவியத்தில் நீட்டி வரைந்தால்தான் அச்சொல் உருவாகிறது. துணியில் உள்ளபடி வாசித்தால் அலிஃபே இல்லை. இதற்கு அரபுப் புலமை மட்டும் வேண்டுவதில்லை. கரையில் ஊடை திரும்புமிடத்தில் துணி முடிந்துவிடுகிறது என்பதை ஆரணித் தறிக்காரர் எவரும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவர். முடிந்த துணியை நம் விருப்பம் நீட்டியது.

அவ்வாறாயின் தமிழ் முஸ்லிமுக்கும் நியூசிலாந்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதற்குத் தொடர் அறாத சான்றும் உண்டு. 1769இல் ழான் ஃபிரான்சுவா டி சுர்வீல் என்னும் பிரெஞ்சுத் தலைவரின் 'செயின்ட் ழான் பாப்டிஸ்ட்' கப்பல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் வடக்குத் தீவின் டவுட்லெஸ் விரிகுடாவில் நங்கூரமிட்டது. அதில் இந்திய லஸ்கர்கள் பணியாற்றினர். அவர்களுள் புதுச்சேரியில் பிறந்த 'மாமூத் காசெம்' என்பவரின் பெயர் பிரெஞ்சுப் பதிவில் உள்ளது. மஹ்மூத் காசிம் என்பதன் பிரெஞ்சுத் திரிபே அது என்பதை யாரும் உணரலாம். அக்கப்பல் புயலில் இழந்த நங்கூரங்கள், அது நின்றதாகக் குறிக்கப்பட்ட விரிகுடாவிலேயே 1974இல் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. ஒரு நங்கூரம் மணியிருக்கும் அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்திருக்கிறது. ஏடும் இரும்பும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன.

ஆயினும் நம் மலர்களில் காசிமின் பெயரைக் காண்பது அரிது. மணி ஒரு கப்பல் முதலாளியை நினைவூட்டுகிறது. காசிமோ அந்நியர் கப்பலில் கூலிக்கு உழைத்தவர். அந்தப் பயணத்தில் ஸ்கர்வி நோய் மாலுமிகளைப் பெருமளவில் பலிகொண்டது. சான்றின் வலிமையைக் கொண்டன்றி, அது தரும் பெருமிதத்தைக் கொண்டே நாம் வரலாற்றைத் தேர்கிறோம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை. உழைப்பாளியை விட்டு முதலாளியை மட்டும் நினைவுகொள்ளும் வரலாறு குறைவுடையதே.

இந்தக் கண்டிப்பு எதற்கு, இனிய நம்பிக்கையொன்று இருந்துவிட்டுப் போகட்டுமே எனச் சிலர் கேட்கலாம். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து அச்சே, மலாக்கா, கெடா வரை நம் முன்னோர் வாணிபம் செய்தது டச்சு, ஆங்கிலப் பதிவுகளில் ஐயமறக் காணப்படுகிறது. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. நிறுவ முடியாத ஒன்றை இவற்றோடு சேர்த்துக் கட்டினால், அது அவிழும் நாளில் இவையும் ஐயத்திற்கு உள்ளாகும். அவ்வையம் முதலில் நம் மாணவர் உள்ளத்திலேயே எழும்.

மணிக்குச் செய்ய வேண்டிய பணி மிச்சமிருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பள்ளிவாசல்களிலும் அடக்கத்தலங்களிலும் ஆண்டு பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. மணியின் எழுத்துகளை அவற்றின் தமிழ் வரிகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட வேண்டும். அதன் வெண்கலக் கலவையை நம் கடற்கரையின் பிற வார்ப்புகளோடு சேர்த்து ஆராய வேண்டும். அதுவரை நம் நூல்களில் அதனை 'தமிழ் முஸ்லிம் கப்பலொன்றின் மணி. காலமும் சென்ற வழியும் ஆய்வுக்குரியன' என்று எழுதுவோம். அதற்கு அடுத்த வரியில், புதுச்சேரி மஹ்மூத் காசிம், 1769 என்று தயக்கமின்றி எழுதுவோம்.