வடிகட்டியா, வாயா? பல்குரல் சிந்தசைசரின் ஒலியாக்கம் குறித்து

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாடல், துத்தம், இளி முதலான சுரப் பெயர்களைச் சொல்லி, பின்னர் வீணை, கொக்கரை, குடமுழா எனக் கருவிகளை அடுக்குகிறது. சுரம் வேறு, அதனை ஒலிக்கும் கருவியின் குரல் வேறு என்னும் தெளிவு அங்குண்டு. மின்னணு இசை குறித்த நம் எழுத்துகளில் இத்தெளிவு அரிது. 'செயற்கை ஒலி' என்ற ஒற்றைத் தீர்ப்போடு அவற்றுட் பல நின்றுவிடுகின்றன.

ஃபில்டருக்கு நாம் வழங்கும் 'வடிகட்டி' என்ற சொல்லும் இதற்கு ஒரு காரணம் எனலாம். வடிகட்டுதல் கசடு நீக்கும் வேலை. சிந்தசைசரின் அலையாக்கி தரும் ரம்பப்பல் அலையிலோ கசடு என்று ஏதுமில்லை; அடிச்சுரமும் அதன் மேற்சுரங்களும் நிறைந்திருக்கின்றன. ஃபில்டர் ஓர் எல்லைக்கு மேற்பட்டவற்றைத் தணிக்கிறது. ஒத்ததிர்வைக் கூட்டினால் அவ்வெல்லையை ஒட்டியவற்றை மிகுவிக்கவும் செய்கிறது. காப்பி வடிகட்டி எதையும் மிகுவிப்பதில்லை.

இன்னும் பொருத்தமான ஒப்புமை தொல்காப்பியப் பிறப்பியலில் கிடைக்கிறது. உந்தியிலிருந்து எழும் வளி ஒன்றே. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டின் தொழிலால் அது வெவ்வேறு எழுத்தாகிறது. அகர ஆகாரங்கள் வாய் திறத்தலாலும், உகர ஊகாரங்கள் இதழ் குவித்தலாலும் பிறக்கின்றன. ஒரே சுருதியில் 'ஆ', 'ஊ' என மாறிமாறிப் பாடினால், ஃபில்டர் திறந்து மூடுவதற்கு மிக நெருங்கிய மாற்றத்தைக் கேட்கலாம்.

எனவே பல்குரல் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு எத்தனை வாய் என்பதே. 1981இல் வந்த ரோலண்ட் ஜூபிடர்-8இன் எட்டுக் குரல்களுக்கும் தனித்தனி ஃபில்டர் உண்டு. 1983இல் வந்த கோர்க் பாலி-800இல் எட்டுக் குரல்களுக்கும் சேர்த்து ஒன்றுதான். அதில் ஒரு சுரம் நீடிக்கையில் மற்றொன்றை அழுத்தினால், புதிய சுரத்திற்கு வாய் திறவாதிருக்கும். அல்லது திறக்கும்போது பழைய சுரமும் உடன் ஒளிரும். எண்மர் ஒரு வாயால் பாடும் விந்தை அது.

மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங்கின் 1982ஆம் ஆண்டு இசைத்தட்டான 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' இவ்விடத்தில் கருதத்தக்கது. 2010இல் அது மறுவெளியீடு கண்டபின், சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைக்கு முன்னோடி என்றே பெரிதும் பேசப்பட்டது. அதனால் கவனம் முழுதும் டிபி-303 என்னும் ஒற்றைக்குரல் பேஸ் கருவியின் ஃபில்டர் மீது குவிந்தது. ராகத்தைச் சுமக்கும் ஜூபிடர்-8 பின்னணியாகிவிட்டது. இது பிழையான கேட்பு என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஜூபிடரின் குறையும் அங்கேதான் புலப்படுகிறது. அதன் விசைப்பலகை விரலின் விசையை உணர்வதில்லை. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும், முன்னரே வகுத்த அளவில்தான் ஒவ்வொரு வாயும் திறந்து ஒடுங்கும். காவிரிப் படுகையின் நாகசுரக் கலைஞரோ சீவாளியில் உதட்டின் இறுக்கத்தைச் சுரத்துக்குச் சுரம் மாற்றுகிறார். சிங்கின் வாசிப்பில் சுருதி வழுக்கலால் கமகம் ஓரளவு கைகூடுகிறது. குரலின் நிறம் அதனோடு சேர்ந்து அசைவதாகக் கேட்கவில்லை.

எண்பதுகளின் தமிழ்த் திரையிசையைச் 'சிந்தசைசர் காலம்' என்று பொதுப்படச் சுட்டுவோர் எந்தக் கருவியைக் கேட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்-7இல் ஃபில்டரே கிடையாது. ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வை மாற்றுவதால் மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஆனால் அதன் விசைப்பலகை விரலை உணரும்; ஒலியை மங்கலாக்குவதையும் ஒளிரச் செய்வதையும் வாசிப்பவரின் தொடுகைக்கே விடலாம்.