பம்பாய் பிளேக்: கண்ணெதிரே இருந்தும் காணாத சான்று

எலியின் உடலில் ஒட்டி வாழும் தெள்ளுப்பூச்சி பிளேக் நோயைப் பரப்புகிறது என்று இன்று பள்ளி மாணவனும் சொல்வான். நம் பாடநூல்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரியை ஏற்க மருத்துவ உலகம் எட்டு ஆண்டுகள் தயங்கியது என்பதையும், அதற்குள் பல லட்சம் பேர் மாண்டனர் என்பதையும் அவை சொல்வதில்லை. இது சிறிய குறையன்று.

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவி பகுதியில், டாக்டர் வீகாஸ் இந்நோயை இனங்கண்டார். தானியக் கிடங்குகள் நிறைந்த இடம் அது. மனிதருக்கு முன்பே அங்கு எலிகள் செத்து விழுந்தன. ஆனால் அதிகாரிகள் அழுக்கையும் மனிதத் தொற்றையுமே காரணமாகக் கருதினர். சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் திரவமும் பாய்ச்சினர். 1897-இல் சட்டம் இயற்றி, நோயாளிகளைப் பலவந்தமாக இழுத்துச் சென்றனர், உறவினரை முகாம்களில் அடைத்தனர், உடைமைகளை எரித்தனர்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நோய் ஆளிடமிருந்து ஆளுக்கு நேரே தொற்றுமானால், மருத்துவமனையில் நெறிக்கட்டியுடன் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்தவர்கள் பெரும்பாலும் தப்பியது எப்படி? இச்சான்று எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. எலிகள் செத்தால் ஊரைக் காலி செய்யும் வழக்கம் இமயமலை அடிவாரக் கிராமத்தாரிடம் முன்பே இருந்தது. அதையும் யாரும் ஆழ்ந்து எண்ணவில்லை.

1898 ஜூனில் கராச்சித் துறைமுகத்தில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன், நோயுற்ற எலியைத் தெள்ளுகளுடன் ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டார். நல்ல எலி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து அதனுள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. ஆயினும் நல்ல எலி நோய்கண்டு மடிந்தது. அரசு அமைத்த பிளேக் கமிஷனோ இக்கருத்தைப் பொருட்படுத்தத் தக்கதன்று என ஒதுக்கியது. கிருமி தோலின் காயங்கள் வழியே நுழைவதாகவே நம்பியது.

கமிஷனை மூடர் கூட்டம் என்று ஏசுவது எளிது, அது நியாயமாகாது. சிமோனின் சோதனைகள் மிகச் சிலவே. ஐரோப்பாவில் சோதித்த சிலர், எலித்தெள்ளு மனிதரைக் கடிப்பதில்லை என்றே கண்டனர். ஆனால் அவர்கள் சோதித்தது வேறு இனத் தெள்ளு! மேலும், பயணிகளின் துணிமணிகளிலும் தெள்ளுகள் ஊர்விட்டு ஊர் சென்றன. ஆகவே, மனிதர் மூலம் நோய் பரவுகிறது என்பதும் முழுப் பொய்யன்று. கமிஷனின் தவறு ஐயப்பட்டதில் இல்லை. சோதித்துப் பாராமலே தீர்ப்பு எழுதியதில்தான்.

1905-இல் பம்பாய் பரேலில் தொடங்கிய புதிய ஆய்வுக் குழு அந்தச் சோதனைகளைச் செய்தது. பிளேக் வீடுகளில் கினிப்பன்றிகளை வைத்தனர். தெள்ளு நுழையாத மெல்லிய வலையிட்ட கூண்டில் இருந்தவை பிழைத்தன. வலையற்ற கூண்டில் இருந்தவை பல மடிந்தன. 1914-இல் பேக்கட், மார்ட்டின் இருவரும் எஞ்சிய புதிரையும் விடுவித்தனர். கிருமிகள் பெருகித் தெள்ளின் உணவுக்குழலை அடைத்துக்கொள்கின்றன. பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடித்துக் கிருமியைக் கக்குகிறது.

எனவே அன்பர்களே, பாடநூலில் ஒரு முடிவைப் படிக்கும்போது, அது எந்தச் சோதனையால் நிலைபெற்றது என்றும் கேளுங்கள். சோதியாத கருத்து சட்டமாகும்போது, அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஏழை மக்களே.