கள்ளுண்ணாமையும் தனிமனித சுதந்திரமும்: தீவகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகப் பட்டிமன்ற மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பொருள்களுள் ஒன்று மது. குடிப்பது தனிமனிதனின் உரிமை என ஒருசாராரும், குடியைத் தடுப்பது அரசின் கடமை என மறுசாராரும் வாதிடுவர். முன்னவர் ஜோன் ஸ்டுவர்ட் மில்லைத் துணைக்கழைப்பர். பின்னவர் வள்ளுவரை அழைப்பர். நடுவர் இருசாராரையும் பாராட்டி, அளவோடிருத்தல் நன்று எனத் தீர்ப்புக் கூறி அமர்வார். இவ்விவாதங்களைக் கேட்குந்தோறும் எனக்கு எழும் ஐயம், இவர்கள் தாம் சான்றுக்கழைக்கும் நூல்களை முழுமையாக வாசித்தனரா என்பது. அதனினும் பெரிய ஐயம் ஒன்றுண்டு. மது என்னும் ஒற்றைச் சொல்லால் இவர்கள் சுட்டும் பொருள் யாது? யாழ்ப்பாணத்துத் தீவகத்தை, அதாவது ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலான இடங்களை, மனங்கொண்டு நோக்குமிடத்து இவ்விவாதம் எங்கே வழுவுகின்றது என்பது புலனாகும்.

முதலில் வள்ளுவர். கள்ளுண்ணாமை திருக்குறளின் 93ஆம் அதிகாரம். புலால் மறுத்தலை அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்த ஆசிரியர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்துள்ளார். அதற்கு முன்னே வரைவின்மகளிர், பின்னே சூது, அதனை அடுத்து மருந்து. எனவே, கள் பற்றிய அவரது கவலை உயிர்க்கொலை பற்றிய கவலையைப் போன்றதன்று. மதிப்பும் அறிவும் இழந்து, பகைவர்க்கு எளியனாகும் மனிதனைப் பற்றிய உலகியற் கவலையே அது. இன்னொன்றும் கவனித்தற்குரியது. கொடியோரைக் கொலையால் ஒறுக்கும் பொறுப்பைச் செங்கோன்மை அதிகாரத்தில் வேந்தனிடம் கையளித்த வள்ளுவர், கள்ளுண்பானை ஒறுக்குமாறு எவ்விடத்தும் வேந்தனை ஏவவில்லை. சான்றோரால் மதிக்கப்பட வேண்டாதவர் உண்ணுவாராயின் உண்ணட்டும் என்னுமளவிற்கு, ஒரு குறளிலே கைவிரித்தும் விடுகின்றார். அவர் நம்பியது நாணை, தண்டனையை அன்று. அவருக்கு முற்பட்ட சங்கப் பாடல்களிலோ அந்த நாண்கூட இல்லை. அதியமான் தனக்குக் கிடைத்த கள்ளைப் பகிர்ந்தளித்ததை ஔவையார் அவனது கொடைச் சிறப்பாகவே நினைந்து அழுகின்றார். ஆகவே அரச மதுவிலக்கிற்கு வள்ளுவரைச் சாட்சியாக நிறுத்துவோர் அவர் கூறாததொன்றைக் கூறவைக்கின்றனர்.

மில்லை அழைப்போர் செய்யும் தவறும் ஏறத்தாழ இதுவே. 1859இல் வெளிவந்த ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தார் 1851இல் இயற்றிய மதுவிலக்குச் சட்டத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார் என்பது உண்மையே. தொழிலாளர் குடியிருப்புகளில் மதுச்சாலைகளைக் குறைப்பது அவர்களைக் குழந்தைகளாக நடத்துவதாகும் என்றும் அவர் கூறினார். ஆயினும் அதே நூலிலே, குடியால் குடும்பத்தைக் காக்கத் தவறியவனைக் கடமை தவறியமைக்காகத் தண்டிக்கலாம் என்றும், வெறியில் ஒருமுறை பிறரைத் தாக்கியவன்மீது தனிப்பட்ட கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் கூறுகின்றார். மதுவிற்போர் குடியைப் பெருக்குவதிற் கொண்டுள்ள நலன் மெய்யான தீமை எனவும் அவர் ஒப்புக்கொள்கின்றார். நமது பேச்சாளர் இப்பகுதியைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவர். மில் காணத் தவறிய ஒன்றும் உண்டு. விற்பவன் அரசாகவே, அல்லது விற்பனையின் பெரும் பங்காளியாகவே இருந்தால் என்ன செய்வது? எப்படியும் வரி வேண்டுமென்பதால் மதுவின்மீது வரி விதிப்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அவ்வரியில் அரசு பழகிப்போவதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இலங்கையில் அப்பழக்கத்தின் வரலாறு நீண்டது. பிரித்தானியராட்சியிற் சாராயக் குத்தகை ஏலம் விடப்பட்டது. அக்குத்தகையிற் பணம் திரட்டியோரே நாட்டின் முதற் செல்வந்தருட் பலர் என்பதைக் குமாரி ஜயவர்த்தனா விரிவாக எழுதியுள்ளார். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளுத் தவறணைகளைத் தனியாக ஒழுங்குபடுத்த முனைந்தபோது, அதனை எதிர்த்து எழுந்த மதுவிலக்கியக்கம் தேசிய இயக்கத்திற்கே படிக்கல்லாயிற்று. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் தமது இலங்கைப் பயணத்தில் வலியுறுத்தியவற்றுள் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் இருந்தன. அவ்விரண்டும் ஒரே மேடையில் ஒலித்தமை மனங்கொள்ளத்தக்கது. அதற்குத் திரும்பி வருவேன்.

இனித் தீவகம். பனை அங்கே வேலியாகவும் கூரையாகவும் விறகாகவும் உணவாகவும் நிற்பது. சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவி முட்டியைக் கட்டுகின்றான். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் இறங்குவது கருப்பநீர், தடவப்படாவிட்டால் கள். பிள்ளைக்குக் கொடுக்கும் பானத்தையும் சட்டம் விரட்டும் பானத்தையும் பிரித்து நிற்பது விரலளவு சுண்ணாம்பே. கள் நொதித்த நாளிலேயே விலைப்பட வேண்டும். மறுநாள் புளித்துப் பயனற்றுப் போகும். ஆகவே அது இறக்கிய ஊரிலேயே, கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே விற்கப்படுகின்றது. மரத்திற்கும் உரிமம், தவறணைக்கும் உரிமம், குறித்த அளவிற்கு மேற் கொண்டுசெல்லவும் உரிமம் என்றால், அவையெல்லாம் மரமேறுபவனையே முதலிற் பற்றுகின்றன. போத்தற் சாராயமோ கெட்டுப்போவதில்லை. குறிகட்டுவானில் வள்ளமேறி நெடுந்தீவு வரை செல்ல வல்லது. கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம். சாராயத்தில் 30 வீதத்திற்கு மேல். கசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு உரிமமும் இல்லை, அளவும் இல்லை.

இவ்வாறு கூறுவதால் கள் தீங்கற்றது என யான் சாதிப்பதாகக் கொள்ளற்க. எவ்வடிவில் உட்கொள்ளினும் மதுசாரம் புற்றுநோய்க் காரணி என்பது 1988 முதலே ஏற்கப்பட்டுள்ளது. தீங்கில்லாத அளவென ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகக் கூறியது. எனது வினா வேறு. சட்டத்தின் பாரம் தீங்கின் அளவிற்கேற்பப் பகிரப்படுகின்றதா? தமிழ்நாட்டைப் பாருங்கள். 1987 முதல் அங்கே கள் தடைசெய்யப்பட்டுள்ளது. 2003 முதல் பிராந்தியையும் விஸ்கியையும் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம். இது மதுவிலக்காகுமா? மரமேறியின் பொருளை விலக்கி ஆலையின் பொருளை விற்பதற்கு வேறு பெயர் தேட வேண்டும். நம் நாட்டில் நிலை அவ்வளவு மோசமன்று. 1970களிற் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். 1978இற் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. தொழிலாளிக்கு உறுதியான கொள்வனவாளன் கிடைத்தான். பின்னர் வந்த போரும் 1990களின் இடப்பெயர்வும் தீவகத்தின் பனையையும் ஆளையும் ஒருங்கே குறைத்தன.

காந்தியின் இரண்டு கோரிக்கைகள் ஒன்றாக ஒலித்தமையின் பொருள் இங்கேதான் விளங்கும். நமது மதுவிலக்குப் பேச்சாளர் பலர் உயர்சாதியினர், கள்ளிறக்குவோர் தாழ்த்தப்பட்டோர். தவறணையை மூடுவோமென்ற குரலிற் குடியின்மீதான வெறுப்பு எவ்வளவு, இறக்குபவன்மீதான இழிவு எவ்வளவு என்பதை அக்குரலுக்குரியவரே பிரித்தறிந்திருப்பாரா என்பது ஐயம். அவன் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கி அருந்திய வாய்க்குத் தீட்டில்லை. அவன் வாளியிட்ட கிணற்றுக்குத் தீட்டு. 1970களின் தொடக்கத்திற் புங்குடுதீவில் நன்னீர்க் கிணற்று உரிமைக்காக நடந்த போராட்டத்தில் மு. தளையசிங்கம் முன்னின்றமை நாமறிந்ததே. குடிக்கும் சுதந்திரம் பற்றி நூறு மேடைகளிற் பேசிய சமூகம், குடிநீர்ச் சுதந்திரத்திற்கு ஓர் எழுத்தாளன் போராட வேண்டிய நிலையை வைத்திருந்தது.

மற்றொருவரும் இவ்விவாதத்தில் மறக்கப்படுகின்றார். அவர் குடிப்பவனின் மனைவி. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாள்களுள் சனாதிபதி சிறிசேனவின் பணிப்பால் தடை மீண்டது. தனிமனித சுதந்திரம் பற்றிய வாதம் இந்நாட்டில் இவ்வளவு வெளிப்படையாக நிகழ்ந்தது அரிது. ஆனால் இரு தரப்பும் பேசியது பெண் குடிக்கலாமா என்பதை மட்டுமே. மாலையிற் கூலி தவறணையில் கரைந்து வீடு திரும்புவதைக் காத்திருப்பவளுக்குச் சட்டத்தில் என்ன உரிமை என்று எவரும் கேட்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடைசெய்து, 21 வயதிற்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது, நன்றே. அதுவும் வாங்குபவனையும் விற்பவனையும் மட்டுமே நோக்கியது.

பழைய ஏற்பாடொன்று நினைவிற்கு வருகின்றது. தவறணை வேண்டுமா வேண்டாமா என ஊரவரே வாக்களித்து முடிவு செய்யும் உள்ளூர் வாக்கெடுப்பு, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் நடைமுறையிலிருந்தது. யாழ்ப்பாணத்திற் பல தவறணைகள் அதனால் மூடப்பட்டன. இன்றோ உரிமம் தலைநகரிற் தீர்மானிக்கப்படுகின்றது. 2024இல் அரசியற் செல்வாக்கால் உரிமங்கள் வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு நாடாளுமன்றம்வரை சென்றது. அவ்வாக்கெடுப்பை மீட்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பழைய வடிவிலன்று. நெடுந்தீவில் அது நடத்தப்படுமாயின் கள்ளுத் தவறணைக்கு ஒன்று, போத்தற் சாராயக் கடைக்கு ஒன்று என இரண்டு வாக்குச்சீட்டுகள் வேண்டும். தவறணை மூடப்படுமாயின் சீவல் தொழிலாளியின் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவி, அவன் இறக்கும் கருப்பநீரை முழுவதுமாக வாங்கிக்கொள்ளும் பொறுப்பை யார் ஏற்பது என்பதும் அச்சீட்டு அச்சாகுமுன்னரே தீர்க்கப்பட்டிருக்க வேண்டும்.