விருந்தும் 32 டாலரும்

ஆரோன் ஸ்வார்ட்ஸ் 2008இல் எழுதிய 'கெரில்லா ஓப்பன் ஆக்ஸஸ்' அறிக்கையைக் கல்லூரி நாட்களில் படித்துச் சிலிர்த்துப்போனேன். பதிப்பகங்கள் பூட்டிவைத்திருக்கும் ஆய்வுக்கட்டுரைகளை எடுத்து உலகத்துக்குக் கொடுங்கள் என்கிற அறைகூவல். போன வாரம் மறுபடி வாசித்தேன். இப்போது ஒன்று உறுத்துகிறது. அது யாரைப் பார்த்துப் பேசுகிறது?

பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களை. மாணவர்கள், நூலகர்கள், விஞ்ஞானிகள் எல்லாம் விருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கும் கொடுங்கள் என்கிறது. நல்ல மனசுதான். ஆனா வெளியே நிக்கிற நாம அதுல எப்படி வர்றோம்? ஏழை நாட்டுக் குழந்தைகளாக.

இப்படிக் குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஜேஸ்டோர் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியதற்காக 2011இல் கைதானவர், வழக்கு முடியும் முன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் உயிரை விட்டார். எழுத்தை எழுத்தாகப் பார்க்க அந்தச் சாவு விடுவதில்லை.

இதன் பக்கத்தில் அலெக்சாண்ட்ரா எல்பாக்கியானின் கடிதத்தை வைத்துப் பாருங்கள். 2011இல் சை-ஹப்பைத் தொடங்கியவர். எல்சவியர் வழக்குப் போட்டபோது, 2015இல், நியூயார்க் நீதிபதிக்கு எழுதியது. அலங்காரம் கிடையாது. கஜகஸ்தானில் மாணவியாக இருந்தேன், கட்டுரைகள் கிடைக்கவில்லை, ஒன்றுக்கு 32 டாலர் கேட்டார்கள், பத்து நூறு என்று புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் திருட்டுத்தனமாக எடுத்தேன் என்கிறார். அறிக்கை குழந்தையாகப் பார்த்த இடத்திலிருந்து ஒருத்தி 'நான்' என்று பேசுகிறாள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் புரட்டல்தான். எந்தக் கட்டுரை உதவும் என்று திறந்து பார்க்காமல் தெரியாது. பத்தில் எட்டு உதவாது. கத்திரிக்காயைத் திருப்பிப் பார்க்கவே காசு கேட்டால் எவன் சந்தைக்குப் போவான்? ஆய்வு செய்து பார்த்தவருக்குத்தான் இந்த எரிச்சல் தெரியும்; ஸ்வார்ட்ஸின் அறிக்கையில் அது இல்லை.

நீதிமன்றம் இதற்கெல்லாம் மசியவில்லை. 2017இல் 1.5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சை-ஹப்பும் பல்கலைக்கழகக் கணக்குகள் வழியாகத்தான் கட்டுரைகளை எடுத்தது. ஆக, விருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தேவைப்படத்தான் செய்தார்கள்.

அந்த 32 டாலரில் எழுதியவருக்குப் பங்கு எதுவும் போவதில்லை என்பதையும் அந்தக் கடிதம் சொல்கிறது. அகப்பாடல்கள் பற்றிய ஒரு கட்டுரைக்காக நானும் இதே மாதிரி தொகையின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கடைசியில், எழுதிய பேராசிரியருக்கே மெயில் போட்டேன். மறுநாளே பிடிஎஃப் வந்தது. கூடவே ஒரு வரி: பதினோரு வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.