தீயைத் தொடாத பக்கம்

அடிஸ் அபாபாவுக்குக் குடிபோகும் தமிழர் யாராக இருந்தாலும் இன்ஜெரா என்ற அப்பத்தைப் பார்த்ததும் தோசை என்றுதான் நினைப்பார். நினைத்த கையோடு குறைசொல்லவும் தொடங்குவார்: முறுகல் இல்லை, ஆறிக் கிடக்கிறது, புளிப்பு தூக்கல். நானும் அந்த ரகம்தான். வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா அதை வார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் வாய் அடங்கியது.

மாவு தெஃப் என்ற தானியத்தினுடையது. விதை ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். தவிட்டைத் தனியே நீக்க வழியில்லை, முழுசாக அரைபடுகிறது. முந்தைய மாவின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுத்துவைத்து, புது மாவில் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவைக்கிறார்கள். எர்ஷோ என்பது அந்த நீரின் பெயர். அதற்கப்புறம் செய்வதுதான் கைப்பக்குவம். புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கும் நீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி மாவிலேயே சேர்க்கிறார்கள். தெஃப்பில் குளூட்டன் கிடையாது. புளிப்பில் எழும் காற்றை மாவு விடாமல் பிடித்துக்கொள்ள அப்சித் என்ற இந்தக் கூழ் கைகொடுக்கிறது.

மாவை வார்ப்பது மிதாத் என்ற மண் ஓட்டில். அரை மீட்டருக்கு மேல் அகலம். இப்போது நகரத்து வீடுகளில் பெரும்பாலும் மின்சாரத்தில் சூடாகிற மிதாத்தான். நாம் நடுவில் ஊற்றி வெளியே தேய்ப்போம். அவர்கள் விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். கரண்டி மாவைத் தொடுவதே இல்லை. ஊற்றி முடித்த சில நொடிகளில் மேற்பரப்பில் ஒரு குழி, பக்கத்தில் இன்னொன்று, பிறகு எண்ணவே முடியாதபடி எங்கும் கண் திறக்கிறது. உடனே மூடி. திருப்பிப் போடும் வேலையே இல்லை. சூடு பட்ட அடிப்பக்கம் வழவழவென்று இருக்க, தீயைத் தொடாமல் ஆவியிலேயே வெந்த மேல்பக்கம் முழுக்கக் கண். வெந்ததும் செஃபெத் என்ற புல் தட்டை அடியில் செருகி, கிழியாமல் வழுக்கி எடுத்து ஆறவிடுகிறார்கள். சூட்டோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கண்களின் மேல்தான் குழம்பு வைக்கிறார்கள். மிசிர் வொத் என்ற மசூர் பருப்புக் குழம்பில் வெங்காயத்தை எண்ணெயே விடாமல் வெகுநேரம் வதக்குகிறார்கள்; அதன் நீரிலேயே அது கரைந்து களியாகிறது. எண்ணெய் வருவது பிறகுதான். பெர்பெரே மிளகாய்ப் பொடியின் காரம் நாக்கில் ஏறுகிற அதே நேரத்தில் அடியிலிருந்து இன்ஜெராவின் புளிப்பு வந்து அதைத் தணிக்கிறது. தூக்கல் என்று சொன்னேனே, அந்தப் புளிப்புக்கு வேலை இங்கேதான்.

சைவக்காரர்கள் புதன், வெள்ளிகளில் சாப்பிடப் போகலாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அவை நோன்பு நாட்கள். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முன் 55 நாள் இதே கதைதான். பெயாய்நெத்து என்று கேட்டால் ஒரே இன்ஜெராவின் மேல் மிசிர், மஞ்சள் போட்ட பருப்புக் குழம்பான கிக் அலிச்சா, கீரை, முட்டைக்கோஸ், கடலைமாவு போன்ற மாவில் காய்ச்சிய ஷிரோ என்று எல்லாம் குவியல் குவியலாக வரும். மசாலாவில் ஓமமும் கருஞ்சீரகமும் வெந்தயமும் எட்டிப் பார்க்கும். பச்சை இறைச்சியில் செய்யும் கித்ஃபோவை ஊரே புகழ்கிறது; அதைப் புகழ என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே தட்டு, வலது கை மட்டும். பேச்சுக்கு நடுவில் பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளம் உருட்டி நம் வாயிலேயே ஊட்டிவிடுவார். குர்ஷா என்று பெயர், மறுத்தால் மனத்தாங்கல். கவளம் பெரிதாக இருந்தால் பிரியமும் பெரிது என்று கணக்கு, ஆகவே வாயை நன்றாகத் திறக்க வேண்டும்.

ருசியின் உச்சம் மட்டும் கடைசியில்தான். குழம்பெல்லாம் தீர்ந்த பிறகு தட்டோடு கிடக்கும் அடி இன்ஜெராவின் கண்களுக்குள் பருப்பும் காரமும் எண்ணெயும் இறங்கி ஊறியிருக்கும். ஓரத்தில் வெறுமையான புளிப்பு, நடுவில் மிசிர், அலிச்சா இருந்த இடத்தில் இஞ்சி வாசனை. ஒவ்வொரு விள்ளலும் வேறு ருசி. அதற்குத்தான் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் நீள்கின்றன; மரியாதைக்காக யாரும் அங்கே கையை இழுத்துக்கொள்வதில்லை.