தெரிவும் விளைவும்

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி அமர்ந்து பெரிதும் பேச்சாலேயே ஆடப்படும் கதை விளையாட்டு. நடுவர் சூழலை விரித்துரைப்பார்; ஆடுவோர் தத்தம் பாத்திரத்தின் செயலைச் சொல்வர்; ஐயமான இடத்தைப் பகடை தீர்க்கும். முடிவு எவர் கையிலும் முன்கூட்டி இராமையே இக்கலையின் உயிர்.

அவ்விளையாட்டுக்கென 1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ கதைத் தொடரிலோ பாத்திரங்கள் வார்த்தே வழங்கப்பட்டன, நிகழ்ச்சிகளும் வரிசைப்படுத்தப்பட்டன. பின்னர் தேவைப்படும் பாத்திரம் மாண்டால், உடல் கிட்டாதவாறு சாவை மறைத்துவைக்க நடுவருக்கு அறிவுறுத்தப்பட்டது. கதையழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும், எத்தெருவில் நடந்தாலும் ஒரே வாயிலில் கொண்டுவிடும் ஊரில் வழி கேட்பது எதற்கு?

நாவலாசிரியருக்கு அவ்வுரிமை உண்டு. வாசகர் தேர்ந்தெடுக்க அழைக்கப்பட்டவர் அல்லர். ஆடுவோரோ அழைக்கப்பட்டவர். தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு விளைவை மறைவில் திருத்துவது, நடுவரிடம் ஒப்படைத்த அமானிதத்துக்கு மாறானது. 2010இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட ‘அப்போகாலிப்ஸ் வேர்ல்ட்’, நடுவர் கதையை முன்னதாக வகுக்கலாகாது என்றே விதித்தது. தோல்விக்கும் இடமளிப்பதே தெரிவு. வெற்றியை மட்டும் பரிமாறுவது வெறும் உபசாரம் என்போம்.